வேறு ஊரில் வளரும் பிள்ளைக்கு நம் பேஸ்பால் அணியையும் அதன் பாட்டையும் எப்படிக் கொடுப்பது?

ரிக்லிவாசி:

நான் சிகாகோவில் வளர்ந்தவன், அதுவும் வடக்குப் பக்கம், அதனால் கப்ஸ் அணி. வேலைக்காக செயின்ட் லூயிஸ் வந்து ரொம்ப காலமாகிறது. பேஸ்பால் பார்ப்பவர்களுக்கு இதிலுள்ள சிக்கல் உடனே புரிந்துவிடும், கப்ஸும் இந்த ஊர் அணியான கார்டினல்ஸும் பரம்பரை எதிரிகள். 11 முறை வேர்ல்ட் சீரிஸ், அதாவது சீசன் முடிவில் நடக்கும் சாம்பியன் பட்டத் தொடரை, ஜெயித்த அணி உள்ளூரிலேயே இருக்கும்போது இன்னும் எதற்கு அந்த நீலத் தொப்பி என்று அலுவலகத்தில் கேட்காத ஆள் கிடையாது. அது பழகிவிட்டது. என் கேள்வி மகளைப் பற்றியது. இங்கேயே பிறந்தவள், ஏழு வயது. கொஞ்ச நாளாக வீட்டில் 'ஹியர் கம்ஸ் தி கிங்' மெட்டை முணுமுணுத்துக்கொண்டே திரிகிறாள், கை தட்ட வேண்டிய இடத்தில் சரியாகத் தட்டுகிறாள். கார்டினல்ஸின் மைதானமான புஷ் ஸ்டேடியத்தில் ஆர்கனில் வாசிப்பார்களே, அதுதான். ஒரு பீர் விளம்பரத்துக்காகப் போட்ட மெட்டு, ஆனால் சீசனின் முதல் நாளில் அந்தப் பெரிய கிளைட்ஸ்டேல் குதிரைகள் மைதானத்தைச் சுற்றி வரும்போது கேட்டால் எந்தக் குழந்தைக்கும் ஒட்டிக்கொள்ளும், அவளைக் குறை சொல்ல முடியாது.

எனக்கு இந்த அணி அப்பாவிடமிருந்து வந்தது, அவருக்கு ரேடியோவிலிருந்து வந்தது. 1988 ஆகஸ்ட் வரை கப்ஸின் மைதானமான ரிக்லி ஃபீல்டில் விளக்கே கிடையாது, சொந்த மைதான ஆட்டம் எல்லாமே பகலில்தான். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தால் டபிள்யூஜிஎன் டிவியில் கடைசி சில இன்னிங்ஸ் கிடைக்கும். ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவதன் நடுவில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், வர்ணனை அறையின் ஜன்னலில் ஹாரி கேரி அந்தப் பெரிய தடித்த கண்ணாடியோடு வெளியே சாய்ந்துகொண்டு, மைக்கை ஆட்டி ஆட்டி 'டேக் மீ அவுட் டு தி பால் கேம்' பாடுவார். சுருதி அவர் பக்கமே வராது. நாற்பதாயிரம் பேர் அவரோடு சேர்ந்து பாடுவார்கள், அப்பாவும் வீட்டில் எழுந்து நின்றுதான் பாடுவார், உட்கார்ந்து பாடினால் கணக்கில்லை என்பார். அந்தப் பாட்டு 1908இல் வந்தது. கப்ஸ் ஜெயித்த வேர்ல்ட் சீரிஸும் 1908தான், அதற்கப்புறம் 2016 வரை இல்லவே இல்லை. பாட்டுக்கும் நம் காத்திருப்புக்கும் ஒரே வயது.

அப்பா அடிக்கடி சொல்லும் கதை ஸ்டீவ் குட்மேனுடையது. சிகாகோக்காரர், ரத்தப் புற்றுநோயோடு வருஷக்கணக்காகப் போராடிக்கொண்டே பாடியவர், கப்ஸ் என்றால் உயிர். 1984இல் டபிள்யூஜிஎன் ரேடியோ கேட்டதற்காக 'கோ கப்ஸ் கோ' எழுதிக் கொடுத்தார். 1945க்குப் பிறகு கப்ஸ் முதன்முறையாக சீசன் முடிந்து நடக்கும் பிளேஆஃப் சுற்றுக்குப் போனது அந்த வருஷம்தான். செப்டம்பர் 20ஆம் தேதி அவர் இறந்துபோனார், வயது 36. அணி தன் பிரிவில் முதலிடத்தை உறுதி செய்தது 24ஆம் தேதி. நாலே நாள். முதல் பிளேஆஃப் ஆட்டத்தில் தேசிய கீதம் பாட அவரைத்தான் சொல்லி வைத்திருந்தார்கள், அவருக்குப் பதிலாக ஜிம்மி பஃபெட் வந்து பாடினார். 2007இலிருந்து சொந்த மைதானத்தில் ஒவ்வொரு வெற்றிக்கும் பிறகு அந்தப் பாட்டைப் போடுகிறார்கள், ஸ்கோர்போர்டு மேலே வெற்றியைச் சொல்லும் வெள்ளைக் கொடி ஏறும், யாரும் கிளம்ப மாட்டார்கள்.

2016 வேர்ல்ட் சீரிஸின் அந்த ஏழாவது ஆட்டம், மழை இடைவேளை, பத்தாவது இன்னிங்ஸ், 8-7, எல்லாம் உங்களுக்கே தெரியும். அப்பா அப்போது இல்லை. இரண்டு நாள் கழித்து காரை எடுத்துக்கொண்டு சிகாகோ போனேன். வேவ்லண்ட், ஷெஃபீல்ட் தெருக்களில் ரிக்லியின் செங்கல் சுவர் முழுக்க ஜனங்கள் சாக்பீஸால் பெயர் எழுதியிருந்தார்கள், பாதிக்கு மேல் இதைப் பார்க்காமலே போய்விட்ட அப்பாக்கள், தாத்தாக்கள், பாட்டிகள். எட்டிய வரைக்கும் இடமில்லை, முன்னால் நின்ற ஒருவர் தன் தோளில் ஏறிக்கொள்ளச் சொன்னார், முன்பின் தெரியாதவர். அப்பா பெயரைத் தமிழில் எழுதிவிட்டு வந்தேன்.

சரி, கேள்வி இதுதான். இதையெல்லாம் மகளுக்கு எப்படிக் கொடுப்பது? கொடுக்கத்தான் வேண்டுமா? அவள் ஊர் இது, அவள் பள்ளித் தோழர்கள் எல்லோரும் சிவப்புத் தொப்பி. வெளியூரில் பிள்ளை வளர்க்கும் பேஸ்பால்காரர்கள் என்ன செய்கிறீர்கள்? உங்கள் ஊர் அணிக்கு எந்தப் பாட்டு, அதையும் எழுதுங்கள்.

சவுத்சைடு35:

தம்பி, நான் அதே ஊர், தெற்குப் பக்கம், ஒயிட் சாக்ஸ். நமக்குள் இருக்கும் வழக்கை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம், ஆனால் ஹாரி கேரி விஷயத்தில் வரலாற்றைச் சரியாகச் சொல்ல வேண்டும். அவர் அந்தப் பாட்டை மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி பாட ஆரம்பித்தது எங்கள் மைதானமான கோமிஸ்கி பார்க்கில், 1976இல். வர்ணனை அறைக்குள் தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தார், அணியின் முதலாளி பில் வீக் அவருக்குத் தெரியாமல் மைக்கைத் திறந்துவிட்டார். இப்படிப் பாடுகிறவரைக் கேட்டால் கூச்சப்படுகிற ஆள்கூட வாயைத் திறப்பான் என்பது வீக்கின் கணக்கு, அது பலித்தது. (உங்கள் ரிக்லி சுவரில் படரும் கொடியை 1937இல் நட்டதும் இதே வீக்தான்.) இன்னொன்றும் சொல்கிறேன், உங்கள் பிரச்சினைக்கே பதில் அதில் இருக்கிறது: ஹாரி கேரி பிறந்த ஊர் செயின்ட் லூயிஸ். 1945 முதல் 1969 வரை கார்டினல்ஸ் வர்ணனை. அதற்கப்புறம்தான் எங்களிடம், 1982இல்தான் உங்களிடம். உங்கள் அப்பாவை எழுந்து நிற்க வைத்தவர் உங்கள் மகளின் ஊர்க்காரர். அவளிடம் அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

எங்கள் பாட்டு என்றால் அது நான்சி ஃபாஸ்ட்டின் விரல். 1970இல் ஆர்கன் முன்னால் உட்கார்ந்தார், 2010இல்தான் எழுந்தார். ஒவ்வொரு ஆட்டக்காரர் மட்டையோடு வரும்போதும் அவர் பெயருக்கோ ஊருக்கோ பொருந்துகிற ஒரு மெட்டை எடுத்து விடுவார், கூட்டத்தில் அதைக் கண்டுபிடிக்கிறவன் பக்கத்து ஆளிடம் சொல்லுவான், அவன் அடுத்தவனிடம், வரிசை முழுக்கச் சிரிப்பு பரவும். இன்கவீலியா என்ற பெயருள்ள ஆள் வந்தால், ஓசை பொருந்துகிற 'இன் எ கட டா விட' பாட்டு. பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறேன், கண் மைதானத்தில், கால் பெடலில், கை பாட்டுக்குத் தானாக ஓடும். 1977இல் எதிரணியில் பந்து வீசும் பிட்சரை வெளியே அனுப்பும்போது 'நா நா ஹே ஹே' வாசிக்க, கூட்டம் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு அமெரிக்காவில் எந்த விளையாட்டிலும் தோற்றவனை அந்தப் பாட்டுப் பாடி வழியனுப்புகிறார்களே, அந்தப் பழக்கத்தைப் பரப்பியது நாங்கள்.

ஆனால் எங்கள் மைதானத்தில் பாட்டுக்கு அவமானமும் நடந்திருக்கிறது, அதை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. 1979 ஜூலை 12, டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு உள்ளே விடுவோம் என்றார்கள், இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் மைதானத்துக்குள் குதித்துப் புல்லைப் பிய்த்து எறிய, இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை, டெட்ராய்ட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அங்கே இளைஞராக வேலை பார்த்த வின்ஸ் லாரன்ஸ் பிற்பாடு சொன்னார், ஜனங்கள் கொண்டுவந்ததில் டிஸ்கோவே இல்லாத தட்டுகளும் நிறைய இருந்தன, கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகள் என்று. அதே மனிதர்தான் சில வருஷத்தில் இதே சிகாகோவில் டிஸ்கோவின் வாரிசான ஹவுஸ் நடன இசை பிறந்தபோது முன்வரிசையில் நின்றார். என் பிள்ளைகளுக்கு 2005 வேர்ல்ட் சீரிஸ் வெற்றி ஊர்வலத்தில் பாடகர் ஸ்டீவ் பெரி வந்து ஆட்டக்காரர்களோடு 'டோன்ட் ஸ்டாப் பிலீவிங்' பாடியதையும் சொன்னேன், 1979ஐயும் சொன்னேன். இரண்டும் நம்முடையதுதான். 2024இல் 121 தோல்வி, 1900க்குப் பிறகு எந்த அணியும் ஒரு சீசனில் அவ்வளவு தோற்றதில்லை, அந்த வருஷமும் என் இளையவன் அதே தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் கல்லூரிக்குப் போனான். நான் சொல்லிப் போடவில்லை.

பாஸ்டன் வசந்தி:

ரிக்லிவாசி, உங்கள் அப்பா பெயரைத் தமிழில் எழுதினீர்கள் என்பதைப் படித்ததும் எங்கள் 2004 ஞாபகம் வந்துவிட்டது. 86 வருஷம் கழித்து எங்கள் ரெட் சாக்ஸ் வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தபோது இங்கேயும் ஜனங்கள் கல்லறைகளுக்குத் தொப்பியும் கொடியும் கொண்டுபோய் வைத்தார்கள்.

பாட்டு எது என்று கேட்டால் வெளியூர்க்காரர்கள் எல்லோரும் 'ஸ்வீட் கரோலின்' என்பார்கள். அதற்கும் பேஸ்பாலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 1969 பாட்டு, 1990களின் கடைசியில் எங்கள் மைதானமான ஃபென்வேயில் பாட்டுப் போடும் பொறுப்பில் இருந்த ஒரு பெண் போட ஆரம்பித்தார், 2002இலிருந்து ஒவ்வொரு ஆட்டத்திலும் எட்டாவது இன்னிங்ஸில் வருகிறது. தோற்றுக்கொண்டிருக்கும்போது எதற்கு இந்த ஆட்டம் பாட்டம் என்று பழைய ஆட்கள் சிலருக்கு இன்னும் எரிச்சல், என் கணவர் அந்தக் கட்சி. நானும் பாதி அப்படித்தான் இருந்தேன், 2013 வரைக்கும்.

அந்த வருஷம் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது ஏப்ரல் 15. 19ஆம் தேதி முழுக்க ஊரை மூடி, வீட்டுக் கதவைத் திறக்காதீர்கள் என்றார்கள். 20ஆம் தேதி ஃபென்வேயில் ஆட்டம். அந்தப் பாட்டின் பாடகர் நீல் டயமண்ட் யாரும் கூப்பிடாமல் தானே விமானம் ஏறி வந்து, பாட வரலாமா என்று கேட்டு, எட்டாவது இன்னிங்ஸில் தொப்பி போட்டுக்கொண்டு நின்று பாடினார். பின்னணியில் ஓடிய பாட்டோடு அவர் குரல் சேரவில்லை, முன்னும் பின்னும் போயிற்று, ஒருவருக்கும் அது பொருட்டாகத் தெரியவில்லை. பாட்டு முடிந்து சற்று நேரத்தில் எங்கள் டேனியல் நாவா பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்து மூன்று ரன் ஹோம் ரன் எடுத்தார், 4-3 என்று ஜெயித்தோம். அந்த வாரம் எங்கள் பரம எதிரிகளான நியூயார்க் யாங்கீஸ்கூடத் தங்கள் மைதானத்தில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். யாங்கீஸ்! கார்டினல்ஸ் மைதானத்தில் 'கோ கப்ஸ் கோ' போட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், அப்போதுதான் அதன் கனம் உங்களுக்குப் புரியும்.

என் மனதில் ஆழமாக இருப்பது என்னவோ ஆர்கன்தான். ஜான் கைலி என்று ஒருவர் இருந்தார். ரெட் சாக்ஸ், ஐஸ் ஹாக்கி அணியான புருயின்ஸ், கூடைப்பந்து அணியான செல்டிக்ஸ், இந்த மூன்று பாஸ்டன் அணிக்கும் விளையாடிய ஒரே ஆள் யார் என்று இங்கே விடுகதை போடுவார்கள், விடை அவர்தான், ஆர்கனில். 1975 வேர்ல்ட் சீரிஸ் ஆறாவது ஆட்டம், பன்னிரண்டாவது இன்னிங்ஸ், கார்ல்டன் ஃபிஸ்க் அடித்த பந்து இடப்பக்கக் கம்பத்தில் பட்டு ஹோம் ரன் ஆனதும் கைலி ஹாண்டலின் அல்லேலூயாவை வாசித்தார். முன்கூட்டித் திட்டமிட முடியாத ஒன்று, பதிவு செய்த பாட்டால் அதைச் செய்யவே முடியாது, அந்த நொடியில் ஒரு மனிதர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

உங்கள் மகள் விஷயம்: அவள் மெட்டைப் பிடித்திருக்கிறாள், கை தட்டும் இடத்தைப் பிடித்திருக்கிறாள். அணி மேல் பாசம் வருகிற வழியே அதுதான், ஸ்கோர் எல்லாம் பின்னால் வரும். அவளுக்கு வாசல் திறந்துவிட்டது. அது உங்கள் வாசலாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

ஓக்லாந்து கிழக்கு:

கோபமில்லாமல்தான் எழுதுகிறேன், ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். நீங்கள் மூன்று பேரும் பேசுவது அணி இருக்கிறவர்களின் கவலை. எந்தத் தொப்பியைப் பிள்ளை போடும் என்று யோசிக்கிறீர்கள். எங்கள் ஊரில் தொப்பி இருக்கிறது, அணி இல்லை.

எங்கள் அணியான ஏஸ் 1968இல் ஓக்லாந்து வந்தது. 1972, 73, 74 வரிசையாக மூன்று வேர்ல்ட் சீரிஸ், அப்புறம் 1989. அது ஆடிய கொலிசியம் அழகான மைதானம் என்று யாரும் சொன்னதில்லை, சிமென்ட் கிண்ணம், ஆனால் அங்கே இருந்த சத்தம் வேறெங்கும் கிடையாது. வலது மூலை பிளீச்சரில், அதாவது கூரையில்லாத மலிவு இருக்கைகளில், டிரம் அடிக்கும் கூட்டம் ஒன்று இருந்தது, அணி சம்பளம் கொடுத்து வைத்த ஆட்கள் இல்லை, டிக்கெட் வாங்கி வருகிற ரசிகர்கள், சொந்த டிரம், சொந்தக் கொடி. எதிரில் ஆயிரக்கணக்கான காலி நாற்காலி இருந்தாலும் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை நிற்காது. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் நெஞ்சுக்கூட்டில் அடி விழும். அலை அலையாக எழுந்து உட்காரும் பழக்கம் இருக்கிறதே, அதை உற்சாகமூட்டும் சியர்லீடர் கிரேஸி ஜார்ஜ் தன் சின்ன டிரம்மை வைத்துக்கொண்டு நாடே டிவியில் பார்க்க நடத்திக் காட்டியது இங்கேதான், 1981 அக்டோபர் 15, யாங்கீஸ் ஆட்டத்தில். ஜெயித்தால் 'செலிப்ரேஷன்' போடுவார்கள். கல்யாண வீட்டில் எங்காவது அந்தப் பாட்டு ஓடினால் எல்லோரும் ஆடப் போகிறார்கள், நான் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வருகிறேன்.

2023 ஜூன் 13, யாரும் ஆட்டத்துக்கு வருவதில்லை என்று சொல்லித்தானே அணியை நகர்த்தப் பார்க்கிறீர்கள், இதோ வருகிறோம் என்று 27,000 பேருக்கு மேல் போனோம், பச்சைச் சட்டையில் உரிமையாளரைப் பார்த்து அணியை விற்றுவிடு என்கிற மாதிரி எழுதிக்கொண்டு. ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது கூட்டம் மொத்தமும் வாயை மூடியது, டிரம்கூட இல்லை, அப்புறம் ஒரே குரலில் எழும்பியது. ஒன்றும் மாறவில்லை. 2024 செப்டம்பர் 26, கடைசி ஆட்டம், 46,889 பேர், டெக்சாஸை 3-2 என்று ஜெயித்தோம், மேனேஜர் மார்க் கோட்ஸே மைக்கைப் பிடித்து நன்றி சொன்னார், ஒருவரும் இடத்தைவிட்டு நகரவில்லை. இப்போது அந்த அணி சாக்ரமென்டோவில் ஊர்ப் பெயரே இல்லாமல் ஆடுகிறது, லாஸ் வேகஸில் மைதானம் தயாராகும் வரைக்கும். கான்சஸ் சிட்டியிலிருந்து பறித்துக்கொண்டு வந்த அணிதானே என்று சிலர் சொல்கிறார்கள். உண்மைதான், அங்கேயும் ஒரு அப்பா அன்றைக்கு அழுதிருப்பார், அதனால் எங்கள் வலி குறையாது.

தெற்குக்காரர் கணக்கில் ஒன்று விட்டுப்போயிற்று: ஹாரி கேரி 1970இல் ஒரு வருஷம் எங்களுக்கும் வர்ணனை செய்தார்.

என் பையனை இப்போது ரைமண்டி பார்க்குக்குக் கூட்டிப் போகிறேன், ஓக்லாந்து பாலர்ஸ், 2024இல் ஆரம்பித்த சின்ன அணி, பெரிய அணிகள் ஆடும் மேஜர் லீக் இல்லை. டிரம் சத்தம் அங்கேயும் கேட்கிறது. அவனுக்கு அதுதான் அவன் ஊர் அணி, நான் ஏஸின் பழைய நட்சத்திரம் ரிக்கி ஹென்டர்சனைப் பற்றிச் சொல்வதை மரியாதைக்குக் கேட்டுக்கொள்கிறான். உங்கள் கேள்விக்கு என் பதில்: அவளுக்குத் தன் ஊர் அணியைத் தடுக்காதீர்கள். ஊரில் அணி இருக்கிறபோதே அனுபவிக்கட்டும்.

ரிக்லிவாசி:

ஓக்லாந்து நண்பரே, உங்கள் பதிவை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். நீங்கள் சொன்னதை எதிர்த்துச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

சவுத்சைடு அண்ணா, ஹாரி கேரி செயின்ட் லூயிஸ்காரர் என்பது தெரியும், ஆனால் அதை மகளுக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொல்லலாம் என்று தோன்றவில்லை. நேற்று அவர் பாடிய பழைய காணொளி ஒன்றைப் போட்டுக் காட்டினேன். இந்தத் தாத்தா நம் ஊரா என்றாள். ஆமாம் என்றேன். ஏன் இப்படிப் பாடுகிறார் என்றாள், நாமும் பாட வேண்டும் என்றுதான் என்றேன், திரும்பப் போடச் சொன்னாள். அவள் கார்டினல்ஸ் ரசிகையாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். கப்ஸ் இங்கே வரும்போது ஆளுக்கொரு தொப்பியில் போவோம். கோடையில் ஒரு முறை ரிக்லி கூட்டிப்போய், 'கோ கப்ஸ் கோ' ஓடும்போது குட்மேன் கதையைச் சொல்வேன், அதற்கு நாங்கள் அன்றைக்கு ஜெயிக்க வேண்டும்.

வசந்தி அக்கா, ஃபென்வேயில் இப்போதும் ஆள் உட்கார்ந்து வாசிக்கும் ஆர்கன் இருக்கிறதா, இல்லை எல்லாம் பதிவு செய்ததுதானா? ஆகஸ்டில் அந்தப் பக்கம் வருகிற யோசனை இருக்கிறது.

பாஸ்டன் வசந்தி:

இருக்கிறது. ஜோஷ் கேன்டர், 2003இலிருந்து அவர்தான். ஆட்டம் நடக்கும்போதே ரசிகர்கள் சமூக வலைத்தளத்தில் எந்தப் பாட்டைக் கேட்டாலும், தெரியாத பாட்டாக இருந்தால்கூடக் காதால் கேட்டுப் பிடித்து சில நிமிஷத்தில் வாசித்துவிடுவார். மகளுக்கு என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொண்டு, முதல் இன்னிங்ஸிலேயே அனுப்பிவிடுங்கள், போகப் போக வரிசை நீண்டுவிடும். 'ஹியர் கம்ஸ் தி கிங்' மட்டும் கேட்காதீர்கள், 2004இலும் 2013இலும் வேர்ல்ட் சீரிஸில் நாங்கள் தோற்கடித்தது கார்டினல்ஸைத்தான், சுற்றியுள்ளவர்கள் விடமாட்டார்கள்.